சூடாயிருச்சாம்

ஒரு மாணவனின் அறிக்கையில் நான் போட்ட டிக் ஒன்று ஏழெட்டு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. தவறான வாக்கியத்துக்குப் போட்டிருந்தால் மறந்திருப்பேன். அப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன். அறுபது பேரின் அறிக்கைகளை இரண்டே நாளில் திருத்துகிறவர்களுக்கு அது தெரியும். இது சரியான வாக்கியம். நான் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி வந்திருந்த வாக்கியம். எழுதியவன் மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரிகல் மாணவன். கோவைக்கு வடக்கே ஒரு நூற்பாலையில் பதினைந்து நாள் இன்பிளான்ட் ட்ரெயினிங் முடித்துவிட்டு, இங்கிலீஷ் சரியாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு கையெழுத்து வாங்க வந்திருந்தான். மழை பெய்து ஓய்ந்த மதியம். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் திறந்திருந்தது. வராந்தாவில் நின்று அவன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது முழுக்கக் காதில் விழுந்தது. “ரிங் ஃபிரேம் மோட்டார் ஒண்ணு சூடாயிருச்சாம்டா. ஆப்பரேட்டர் அண்ணன் சொன்னாரு. நான் போயி தொட்டுப் பாக்கறப்ப ஆறித்தான் கெடந்துச்சு. ஆனா வார்னிஷ் கருகுன வாசம் அடிச்சுது. ஃபேன் மூடியில பூரா பஞ்சு அப்பியிருந்துச்சு. அதுலதான் சூடேறியிருக்கும்.” பிறகு உள்ளே வந்து அறிக்கையை நீட்டினான். ஒன்பதாம் பக்கத்தில் அதே மோட்டார் இருந்தது. ‘ஓவர்ஹீட்டிங் ஆஃப் த மோட்டார் வாஸ் அப்சர்வ்ட் டியூ டு இம்ப்ராப்பர் வென்டிலேஷன்.’ எழுத்துப்பிழை கிடையாது, எழுவாயும் பயனிலையும் பொருந்தியிருந்தன, செயப்பாட்டு வினை கச்சிதமாக விழுந்திருந்தது. டிக் போட்டேன். பக்கத்தில் ‘குட்’ என்றும் எழுதினேன்.

அன்று இரவு சட்னி அரைக்கும்போது மிக்ஸியிலிருந்து லேசாகக் கருகல் வாசம் வந்தது. அதுவரை அந்த வாக்கியத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வாசம் மூக்கில் ஏறியதும் பையனின் குரல் திரும்பி வந்தது. கூடவே, அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று ஒன்பதாம் பக்கத்தில் இல்லையே என்ற எண்ணமும் வந்தது. காகிதத்தில் வார்னிஷ் இல்லை, பஞ்சு இல்லை, ஆப்பரேட்டர் அண்ணன் இல்லை. அவற்றைக்கூட விட்டுவிடலாம். ‘அப்சர்வ்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்தச் சூட்டை யார் கண்டார்கள்? அவன் போனபோது மோட்டார் ஆறிக்கிடந்தது. அவன் காணாததைக் கண்டதாக எழுதியிருக்கிறான். எழுதச் சொன்னது நான்.

அவன் பேசியதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ‘சூடாயிருச்சாம்’ என்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆம்’, இது நான் பார்த்ததில்லை, கேட்டது என்கிறது. ‘ஆறித்தான் கெடந்துச்சு’ என்பதில் ஆம் இல்லை; அது கை தொட்டு அறிந்தது. ‘அப்பியிருந்துச்சு’ கண்ணால் கண்டது. ‘ஏறியிருக்கும்’ என்பது ஊகம். ‘ஏறியிருக்கு’ என்று சொல்லியிருந்தால் பார்த்ததாகிவிடும். ஒரு மகர மெய் சேர்ந்ததும் அது நினைப்பாகிவிடுகிறது. இதையெல்லாம் அவன் யோசித்துச் சொல்லவில்லை. மூச்சு விடுவதுபோல வந்தது. காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் மூன்று அளவைகளைச் சொல்வார்கள். நேரில் அறிவது, ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லி அறிவது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி பத்து வரைக்கும் போவான். பொள்ளாச்சிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த இந்தப் பையன் அவற்றில் ஒன்றின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் வராந்தாவில் அரை நிமிடத்தில் மூன்றையும் கலக்காமல் பிரித்து வைத்துவிட்டான். இதை எழுதும்போதே எனக்குள் ஒரு மணி அடிக்கிறது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டும் கட்டுரைகளை நிறையப் படித்துச் சலித்தவள் நான். அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. இங்கிலீஷிலும் இதைச் சொல்லலாம். ஆப்பரேட்டர் சொன்னார், எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று நாலு சொல் கூட்டிப் போட்டால் போதும். போடுவதும் விடுவதும் அங்கே எழுதுகிறவரின் விருப்பம். தமிழில் பேசும்போது அப்படி இல்லை. நேரில் பார்க்காதவன் ‘சூடாயிருச்சு’ என்று சொன்னால், அருகில் இருப்பவன் “நீ பாத்தியா?” என்று உடனே கேட்பான்.

இந்தப் பையன்கள் எழுதக் கற்பது என் வகுப்பில் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, லேப் ரெக்கார்டில்தான் கற்கிறார்கள். எய்ம், அப்பரேட்டஸ், தியரி, புரொசீஜர், டேபுலேஷன், மாடல் கால்குலேஷன், ரிசல்ட். தமிழ்நாட்டில் பொறியியல் படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்வார்கள். கடைசியில் ரிசல்ட் ‘தஸ்’ என்றுதான் தொடங்கும். ‘தஸ் த லோட் டெஸ்ட் ஆன் டிசி ஷன்ட் மோட்டார் வாஸ் கண்டக்டட்.’ அந்தச் சோதனை உண்மையில் நடந்ததா, மின்சாரம் போனதால் பாதியில் நின்றதா, நாலு பேர் கொண்ட குழுவில் ஒருத்தி மீட்டரைப் பார்க்க மற்ற மூவரும் ஸ்டூலில் சாய்ந்து கதை பேசினார்களா, போன வருட சீனியரின் ரெக்கார்டிலிருந்து ரீடிங்கை எடுத்துப் போட்டார்களா, எல்லாவற்றையும் அந்தத் ‘தஸ்’ ஒரே மாதிரி மூடிவிடும். சட்டை பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்வதுபோல ஒரு மரியாதை அதற்கு இருக்கிறது. ஒருமுறை முதலாண்டு மாணவி ஒருத்தி, ஊசல் பரிசோதனையில் பதினோராவது அலைவை எண்ண விட்டுப்போனது என்று ரெக்கார்டிலேயே எழுதிவிட்டாள். இயற்பியல் ஆசிரியர் அதை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவர்கள் என்னிடம் வருகிறார்கள். பேப்பரின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் டெக்னிகல் இங்கிலீஷ் என்று இருந்தது 2021இல் புரொஃபெஷனல் இங்கிலீஷ் ஆனது. தேர்வில் எட்டு அறிவுரைகள் கேட்பார்கள், இல்லாவிட்டால் எட்டுப் பரிந்துரைகள். எட்டு என்ற எண்ணின் புனிதம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எந்தப் பொருளுக்கும் ஆறுக்கு மேல் பையன்களுக்குத் தோன்றாது. ஏழாவதும் எட்டாவதும் எப்போதும் ஹெல்மெட்டும் ஷூவும்தான். மழைநீர் சேகரிப்புக்குக்கூட ஒருவன் ஷூ போடச் சொல்லியிருந்தான். இவற்றுக்கு நடுவே இம்பெர்சனல் பாசிவ் என்று ஒன்று வரும், ஆளில்லாச் செயப்பாட்டு வினை. நான் இதை ரசித்து நடத்துவேன். ‘ஐ’ போடாதீர்கள், நீங்கள் முக்கியமில்லை, நடந்ததுதான் முக்கியம், அறிவியல் அப்படித்தான் பேசும் என்பேன். 1672இல் நியூட்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய ஒளியைப் பற்றிய கடிதத்தில் நான், நான் என்றுதான் எழுதிக்கொண்டு போகிறார். தான் முப்பட்டகக் கண்ணாடி வாங்கியது, தன் அறையை இருட்டாக்கியது, ஜன்னல் கதவில் சின்னத் துளை போட்டது எல்லாம் அதில் வரும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால் பாடம் குழம்பும்.

இன்னொரு முரண் இருக்கிறது. செமஸ்டரின் மூன்றாவது வாரத்தில் சேலஞ்சர் விண்கலத்தின் கதையைச் சொல்வேன். அதைச் சொல்லும்போது மட்டும் கடைசி பெஞ்சும் அமைதியாகிவிடும். 1986 ஜனவரி 27 இரவு, யூட்டாவில் இருந்த, அதன் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், மறுநாள் காலைக் குளிரில் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப் போகும் என்ற பயம். முந்தைய ஏவல்களில் மிகக் குளிர்ந்தது 53 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் ஏறக்குறைய 12 டிகிரி. அதற்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். அவசரமாகத் தயாரித்த 13 பக்கங்களை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். வாதம் எடுபடவில்லை. மேலாளர்கள் முடிவை மாற்றினார்கள். காலை 36 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏவினார்கள். 73 வினாடியில் விண்கலம் சிதறியது, அதில் இருந்த ஏழு பேரும் போனார்கள். அந்த 13 பக்கங்களைப் பற்றி, தரவைக் காட்சியாக்குவதைப் பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி 1997இல் எழுதிய புத்தகத்தில் ஒன்றைக் கவனிக்கிறார். அவற்றைத் தயாரித்தவர்களின் பெயர் அவற்றில் இல்லை. யார் சொல்கிறார்கள் என்று தெரியாத பக்கங்கள். இதைச் சொல்லி நிறுத்தி, “பேர் போடாதது எவ்வளவு பெரிய விஷயம் பாத்தீங்களா?” என்று வகுப்பைப் பார்ப்பேன். அதே நான் ஐந்தாவது வாரம் வந்து ‘ஐ’ போடாதீர்கள் என்பேன். இத்தனை ஆண்டில் ஒரு பிள்ளையும் அந்த இரண்டு வாரங்களையும் சேர்த்து வைத்து என்னைக் கேட்டதில்லை. நல்ல பிள்ளைகள்.

அந்தப் பொறியாளர்களில் ஒருவர் ரோஜர் போஜலே. விபத்துக்கு ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலை 31இல், தன் பெயரைப் போட்டு மேலே எழுதியவர். பேரழிவு நேரலாம், உயிர்கள் போகலாம் என்று எழுதினார். விபத்துக்குப் பின் விசாரணைக் குழுவின் முன் உள்ளதை உள்ளபடி சொன்னார். உடன் வேலை செய்தவர்களே ஒதுக்கினார்கள், வேலையை விட்டு வெளியேறினார். 2002இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து டஃப்டிக்கு மறுப்பு எழுதினார்கள். பொறியாளர்கள் கையில் இருந்த தரவு என்ன, அவர்கள் வாதம் என்ன என்பதையே டஃப்டி தவறாகப் புரிந்துகொண்டார் என்றார்கள். இந்த மறுப்பை நான் வெகு தாமதமாகத்தான் படித்தேன். அதுவரை வருடா வருடம், மோசமான பக்கங்களால் ஏழு உயிர் போனது என்று நேரில் பார்த்தவள்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். டஃப்டி சொன்னதை ‘ஆம்’ போடாமல் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கதையில் ஆம் வேண்டாத இடம் ஒன்று உண்டு. 1986 பிப்ரவரியில், விசாரணைக் கூட்டத்தின் நடுவே, குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் வளையத் துண்டு ஒன்றைக் கவ்வியில் இறுக்கி ஐஸ் தண்ணீர்க் குவளையில் போட்டு எடுத்துக் காட்டினார். கவ்வியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே மீளவில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோரும் கண்டது அது.

கோளாறு இங்கிலீஷில் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிகலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. இந்தப் பையன் தமிழ்வழியில் படித்து அறிக்கையைத் தமிழில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான்? ‘முறையற்ற காற்றோட்டத்தின் காரணமாக மோட்டார் வெப்பமடைந்தது கண்டறியப்பட்டது.’ சத்தியமாக இதைத்தான் எழுதியிருப்பான். சூடாயிருச்சாம் என்று எழுதமாட்டான். எழுதினால் திருத்துகிறவர் அடித்துவிடுவார். காகிதத்தில் ஏறும்போது நம் தமிழும் அந்த ‘ஆம்’ என்பதைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் வருகிறது. செய்தித்தாளைப் பாருங்கள்: கூறப்படுகிறது, சொல்லப்படுகிறது, தெரியவருகிறது. ஆம் என்பது பாட்டி கதைக்கும் திண்ணைப் பேச்சுக்கும் உரியது, ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம். அச்சில் அது வந்தால் நக்கலாகத் தொனிக்கிறது. இத்தனைக்கும் நம்மிடம் இருக்கும் மிகப் பழைய நூலான தொல்காப்பியம், ஒரு துறை நூல், ‘என்ப’ என்றும் ‘மொழிப’ என்றும் வரிக்கு வரி முன்னோரைக் காட்டிக்கொண்டேதான் போகிறது. யார் அந்த முன்னோர் என்று கேட்டால் அதற்கும் பெயர் கிடையாது. ஆளை மறைக்கச் செயப்பாட்டு வினைகூட நமக்கு அவசியமில்லை. எங்கள் வீட்டில் தம்ளர் உடைந்தால் ‘உடைஞ்சிருச்சு’. உடைத்தவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. தம்ளர்கள் தாமாகவே உடைந்துகொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனை காண்டீன் வாசலில் பார்த்தபோது கேட்டுவிட்டேன். மோட்டார் சூடானதை நீ பார்க்கவில்லையே, பார்த்ததாக ஏன் எழுதினாய்? முதலில் விழித்தான். ஜன்னல் வழியே கேட்டேன் என்றதும் வெட்கப்பட்டான். “நீங்கதானே மேம் ‘ஐ’ போடக்கூடாதுன்னு சொன்னீங்க.” எதிர்பார்த்த பதில். நான் தயாராக வைத்திருந்த அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினேன்: ஆப்பரேட்டர் சொன்னார் என்று எழுதியிருக்கலாமே. அவன் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அந்த ரிப்போர்ட் மில்லுக்கும் ஒரு காப்பி போகுதுங்க மேம். அண்ணன் சொன்னாருன்னு எழுதினா, பஞ்ச எடுக்காம விட்டது யாருன்னு வரும். அவரத்தான் புடிப்பாங்க. அவரு கான்ட்ராக்டுங்க மேம்” என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. நான் கற்றுக்கொடுத்த செயப்பாட்டு வினைக்குள் அவன் ஒரு மனிதனை ஒளித்து வைத்திருக்கிறான். அறியாமல் செய்த பிழை என்று ஒரு வாரமாக நான் வருந்திக்கொண்டிருந்தது, அறிந்து செய்த காரியம். அவனைவிட வாக்கியத்தை நன்றாக உபயோகித்தவர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால், இப்படி ஆளை மறைத்து எழுதிய அறிக்கையால் அந்தப் பஞ்சு அப்படியே இருக்குமே, அடுத்த மோட்டாரும் கருகுமே, மில்லில் பஞ்சுக்கு நடுவே தீப்பொறி என்றால் என்ன ஆகும்? இதையும் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பெயரைப் போட்ட போஜலேக்கு என்ன நடந்தது என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான்.

ஆமுக்கும் அப்படியொன்றும் நல்ல பெயர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘அவளை பஸ் ஸ்டாண்டுல பாத்தாங்களாம்’ என்ற ஒரு வாக்கியம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தியது. யார் பார்த்தார்கள் என்று அவளுடைய அப்பா கடைசிவரை கேட்கவில்லை. ஆம், கேட்டது என்று சொல்லும். யாரிடம் என்று சொல்லாது. சொல்பவர் கையைக் கழுவிக்கொள்ள அதைவிடத் தோதான அசை வேறு இல்லை. நான் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவள் என்ற நினைப்பும் எனக்கு வேண்டாம். சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஓரிடத்தில் லேபில் சின்னத் தீ. யாருக்கும் காயமில்லை, ஒரு பேனலும் இரண்டு மேசைகளும் போயின. விசாரணைக் குழுவில், இங்கிலீஷ் நன்றாக எழுதுவார் என்பதற்காக என்னையும் போட்டார்கள். அந்த பிரேக்கர் அதற்கு முந்தின வாரத்தில் மூன்று முறை விழுந்தது, எழுதியும் கொடுத்தேன் என்று லேப் அட்டெண்டர் சொன்னார். எழுதிக்கொடுத்த காகிதம் கிடைக்கவில்லை. நான் எழுதிய வரைவில் அவர் சொன்னது ஒரு வாக்கியமாக இருந்தது. முதல் திருத்தத்தில் அது ‘இட் வாஸ் லேர்ன்ட்’ என்று ஆனது. இரண்டாவது திருத்தத்தில் வாக்கியமே இல்லை. ஷார்ட் சர்க்யூட் மட்டும் நின்றது. திருத்தங்கள் இரண்டும் என் கையெழுத்தில் நடந்தவைதான். அட்டெண்டர் பிறகும் என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பார். அதை எதிர்கொள்ளாமல் இருக்க மாடிப்படியை மாற்றிக்கொண்டேன்.

இந்த செமஸ்டரில் ஒரு பயிற்சி வைத்துப் பார்த்தேன். பழுதான ஏதாவது ஒரு பொருளைப் பற்றி முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் சொல்லுங்கள், பிறகு அதையே இங்கிலீஷில் எழுதுங்கள், சொன்னதில் எது காணாமல் போனது என்று கண்டுபிடியுங்கள் என்றேன். பேசும்போது வகுப்பு சந்தைபோல் இருந்தது. ஹாஸ்டல் வாட்டர் கூலரில் ஷாக் அடிக்குதாம், பஸ்ஸில் பின்சக்கரத்துப் பக்கம் தரை ஆடுது, நானே நின்னு பாத்தேன். எழுதச் சொன்னதும் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். எழுதி வந்தவற்றில் எல்லாமே அப்சர்வ் ஆகியிருந்தது. காணாமல் போனது எது என்ற கடைசிக் கேள்விக்குப் பாதிப் பேர் ‘நத்திங்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், ‘ஷாக் அடித்தது எனக்கில்லை என்பது’ என்று தமிழில் எழுதி, தமிழில் எழுதியதற்கு அடைப்புக்குறிக்குள் சாரி போட்டிருந்தாள். அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட வேண்டும். இன்னும் போடவில்லை.

மிக்ஸியை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். பங்குனி வெயிலில் ஒரு நாள் புகையே வந்துவிட்டது. மார்க்கெட் சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். மேசை நிறைய அக்கு அக்காகக் கழற்றிப் போட்ட மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், ஒரு தூக்குவாளி. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என்னங்க பிரச்சினை என்றார். கருகல் வாசம் வருது என்றேன். மிக்ஸியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார், தலையை ஆட்டிக்கொண்டார். கப்ளரை விரலால் சுற்றிப் பார்த்தார். திருப்பிப் பிடித்து ஒருமுறை குலுக்கினார். காதில் இருந்த பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையில் கிழித்த துண்டு ஒன்றில் ஏதோ எழுதி, வயரோடு சேர்த்து நூலால் கட்டினார். வியாழக்கிழமை வாங்கிக்கங்க என்றார். அட்டையைத் திருப்பிப் படித்தேன்.

‘டீச்சர் மிக்ஸி. கருகல் வாசம் வருதாம். கப்ளர் தேஞ்சிருக்கு. ஆர்மேச்சர் போயிருக்கும்.’